கடிதம் இருப்பது எங்கே?

என் அக்காள் மகன் ஒருவன் பொறியியல் படித்தவன். நான்கு ஆண்டுகளும் கல்லூரி தந்த மின்னஞ்சல் முகவரியையே பயன்படுத்தி வந்தான். தன் மடிக்கணிப்பொறியில் அதற்கென ஒரு மென்பொருளையும் அமைத்திருந்தான். இணையம் இல்லாத நேரத்திலும் அதில் பழைய கடிதங்கள் திறந்தன. ஆகவே கடிதங்கள் எல்லாம் தன் பெட்டிக்குள் பத்திரமாக இருக்கின்றன என்று நம்பினான்.

இறுதியாண்டில், கணக்கில் இடம் நிரம்பிவிட்டது, தேவையற்றவற்றை நீக்குக என்று ஓர் அறிவிப்பு வந்தது. மடிக்கணிப்பொறியில்தான் பிரதி இருக்கிறதே என்ற துணிவில், கைப்பேசியைத் திறந்து கடிதங்கள் அனைத்தையும் அழித்தான். குப்பைக் கூடையையும் காலி செய்தான். மாலையில் மடிக்கணிப்பொறியைத் திறந்தான். அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பட்டியல் மளமளவென்று சுருங்கிச் சுழியாகிவிட்டது. பேராசிரியருடன் ஓராண்டு நடத்திய கடிதப் போக்குவரத்து, செய்முறைத் திட்டத்தின் அளவீட்டு அட்டவணைகள் எல்லாம் போயின.

மென்பொருளில் பழுது ஏதும் இல்லை. தனக்கு இடப்பட்ட வேலையை அது சரியாகவே செய்தது. அது என்ன வேலை என்பதுதான் அவனுக்குத் தெரியவில்லை.

இப்போது அவன் தங்கை கல்லூரியில் சேர்ந்திருக்கிறாள். அவளுக்கும் ஒரு மாணவர் கணக்குக் கிடைத்தது. "மாமா, எனக்கும் அந்த சாஃப்ட்வேரைப் போட்டுக் கொடுங்க. ஆனா அண்ணனுக்கு ஆன மாதிரி எனக்கு ஆகக்கூடாது" என்றாள். அவளுடன் உட்கார்ந்து செய்ததையே உங்களுக்கும் சொல்லப்போகிறேன். உங்களில் சிலருக்குப் பள்ளியே முகவரி கொடுத்திருக்கும். மற்றவர்களுக்கு இரண்டொரு ஆண்டுகளில் கிடைக்கும்.

உலாவியில் திறந்து பார்த்தால் போதாதா என்று நீங்கள் கேட்கலாம். வாரம் ஒரு முறை பார்ப்பவருக்கு அது தாராளமாகப் போதும். ஆனால் இணையம் விட்டுவிட்டு வரும் இடத்தில் இருப்பவருக்கும், சொந்தக் கணக்கு, மாணவர் கணக்கு என்று இரண்டு வைத்திருப்பவருக்கும், பழைய கடிதங்களின் பிரதியைத் தம்மிடமே வைத்துக்கொள்ள விரும்புபவருக்கும் தனி மென்பொருள் உதவும். இப்படிப்பட்ட மென்பொருளைக் 'கிளையண்ட்' என்பார்கள். வழக்கறிஞரிடம் வரும் கட்சிக்காரரையும் இதே சொல்லால்தான் குறிப்பிடுகிறோம். இங்கே இதன் பொருள் 'கேட்டுப் பெறுபவர்' என்பது. கேட்பதைத் தருகிற பெரிய கணிப்பொறிக்குச் 'சர்வர்' என்று பெயர்.

இரண்டு வழிகள்

உங்கள் ஊர் அஞ்சலகத்தை நினைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் எழுதிய கடிதத்தைத் தெருமுனையிலுள்ள சிவப்புப் பெட்டியில் போடுகிறீர்கள். உங்களுக்கு வரும் கடிதமோ அந்தப் பெட்டி வழியாக வருவதில்லை. அதைத் தபால்காரர் கொண்டுவருகிறார். அனுப்பும் வழி வேறு, பெறும் வழி வேறு. மின்னஞ்சலிலும் இப்படித்தான். உலாவியில் எல்லாம் ஒரே பக்கத்தில் தெரிவதால் இந்த வேறுபாடு நம் கண்ணில் படுவதில்லை. கிளையண்ட் மென்பொருளை அமைக்கும்போது 'உள்வரும் சர்வர்', 'வெளிச்செல்லும் சர்வர்' என்று இரண்டைக் கேட்கும். புதியவர்கள் திகைப்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

வெளிச்செல்லும் வழியின் நெறிமுறைக்கு எஸ்.எம்.டி.பி. என்று பெயர். 1982 ஆகஸ்டில் ஜான் போஸ்டல் என்ற அமெரிக்க அறிவியலாளர் இதை எழுதி வெளியிட்டார். இரண்டு கணிப்பொறிகள் பேசிக்கொள்ளும் உரையாடல் போலவே இது அமைந்திருக்கிறது. முதலில் உங்கள் மென்பொருள் 'ஹெலோ' என்று வணக்கம் சொல்லும். ஆங்கிலத்தில் இதை எழுதும்போது ஓர் 'எல்' குறையும். கட்டளைகள் எல்லாம் நான்கே எழுத்தில் இருக்கவேண்டும் என்று வைத்ததால் வந்த வினை! (இன்றைய மென்பொருள்கள் சற்றே மாறிய 'ஈஹெலோ'வைச் சொல்கின்றன.) அடுத்து 'இன்னாரிடமிருந்து' என்று ஒரு வரி. சர்வர் 250 என்று விடையளிக்கும். 250 என்றால் 'சரி'. பிறகு 'இன்னாருக்கு' என்று ஒரு வரி. மீண்டும் 250. 'இதோ செய்தி' என்றதும் 354 வரும். 'சொல்லுங்கள், எழுதிக்கொள்கிறேன்' என்பது அதன் பொருள். செய்தி முழுவதும் சென்ற பிறகு, ஒரு தனி வரியில் ஒரே ஒரு புள்ளி. முற்றுப்புள்ளி என்ற சொல்லுக்கு இதைவிடப் பொருத்தமான இடம் இல்லை! அப்படி ஒரு முகவரியே அங்கே இல்லையென்றால் 550 என்ற எண் வரும். திரும்பி வந்த கடிதத்தில் இந்த எண்ணைக் கண்டால், முகவரியை எழுத்து எழுத்தாகச் சரிபாருங்கள்.

இந்த உரையாடலில் ஒரு குறை இருந்தது, கவனித்தீர்களா? 'இன்னாரிடமிருந்து' என்று சொல்வது உண்மைதானா என்று சர்வர் கேட்கவே இல்லை. ஒருவரை ஒருவர் அறிந்த ஆராய்ச்சியாளர்கள் மட்டும் பயன்படுத்திய வலையில் அது பெரிய குறையாகத் தோன்றவில்லை. அனுப்புபவர் தம்மை மெய்ப்பிக்கவேண்டும் என்ற ஏற்பாடு 1999-இல்தான் நெறிமுறையில் சேர்ந்தது. இன்று நீங்கள் வெளிச்செல்லும் சர்வருக்கும் தனியாக நுழைவு அனுமதி பெறவேண்டியிருப்பது இதனால்தான். கடிதம் வருகிறது, ஆனால் அனுப்ப முடியவில்லை என்று ஒருவர் சொன்னால், இரண்டாவது வழியின் அமைப்பில்தான் பிழை என்று உடனே ஊகிக்கலாம்.

பெயரும் முகவரியும் மட்டும்

நாங்கள் நிறுவிய மென்பொருள் தண்டர்பேர்டு. மொசில்லா 2004 டிசம்பரில் இதன் முதல் முழுப் பதிப்பை வெளியிட்டது. இதற்கு விலை இல்லை. அதன் சொந்தத் தளத்திலிருந்து மட்டுமே இறக்கிக்கொள்ளுங்கள். தேடலில் முதலில் தென்படும் ஏதோ ஒரு தளத்திலிருந்து எடுக்கவேண்டாம். கடிதங்களையும் கடவுச்சொல்லையும் ஒப்படைக்கப்போகும் மென்பொருள் அல்லவா?

திறந்ததும் அது உங்கள் பெயரையும் முகவரியையும் கேட்கும். சில பதிப்புகள் கடவுச்சொல்லையும் அங்கேயே கேட்கும். கொடுத்துவிட்டுத் தொடர்ந்தால், சில நொடிகளில் சர்வர்களின் பெயர்களை அதுவே கண்டுபிடித்துவிடும். "எப்படி மாமா கண்டுபிடிச்சுது? முகவரியில காலேஜ் பேருதானே இருக்கு?" என்று கேட்டாள் அக்காள் மகள். நல்ல கேள்வி.

முகவரியின் நடுவில் @ என்ற குறி இருக்கிறது. 1971-இல் அமெரிக்காவின் கேம்பிரிட்ஜ் நகரில், ரே டாம்லின்சன் என்ற பொறியாளர் அருகருகே நின்ற இரண்டு கணிப்பொறிகளுக்கிடையே ஆர்ப்பாநெட் வலை வழியாகச் செய்தி அனுப்பிப் பார்த்தபோது இந்தக் குறியைத் தேர்ந்தெடுத்தார். மனிதர் பெயர் எதிலும் அது வராது என்பது ஒரு காரணம். குறிக்கு இடப்புறம் ஆள், வலப்புறம் இடம். அந்த வலப்புறப் பெயருக்குக் களப்பெயர் என்று பெயர்.

களப்பெயர்களுக்கென்று உலகம் முழுவதும் பரவிய ஒரு பெயரேடு உண்டு. பால் மாக்கபெட்ரிஸ் 1983-இல் வகுத்தது அது. இந்தக் களத்துக்கு வரும் கடிதங்களை எந்தக் கணிப்பொறியிடம் ஒப்படைப்பது என்ற குறிப்பும் 1986 முதல் அதில் இடம்பெறுகிறது. தண்டர்பேர்டு முதலில் கல்லூரியின் களத்தில் அமைப்புக் குறிப்பு ஏதும் இருக்கிறதா என்று பார்க்கும். பிறகு தனக்கென வைத்திருக்கும் பட்டியலைப் பார்க்கும். இரண்டிலும் இல்லையென்றால் பெயரேட்டைப் புரட்டும். எங்களுக்கு விடை அதில்தான் கிடைத்தது. முகவரியில் இருப்பது கல்லூரியின் பெயர், ஆனால் கடிதங்கள் இருப்பதோ கூகுளின் கணிப்பொறியில்! பல கல்வி நிறுவனங்கள் கூகுளிடமோ மைக்ரோசாஃப்டிடமோ இந்தப் பணியை ஒப்படைத்திருக்கின்றன.

தானாகக் கண்டுபிடிக்கவில்லையென்றால் நீங்களே எழுதவேண்டும். கூகுளுக்கு உள்வரும் சர்வர் 'ஐமேப் புள்ளி ஜிமெயில் புள்ளி காம்', வெளிச்செல்லும் சர்வர் 'எஸ்எம்டிபி புள்ளி ஜிமெயில் புள்ளி காம்'. மைக்ரோசாஃப்டுக்கு 'அவுட்லுக் புள்ளி ஆஃபீஸ்365 புள்ளி காம்', 'எஸ்எம்டிபி புள்ளி ஆஃபீஸ்365 புள்ளி காம்'. ஆங்கில எழுத்தில், இடைவெளி விடாமல் எழுதுங்கள். பயனர் பெயர் கேட்கும் இடத்தில் @ குறியோடு முழு முகவரியையும் கொடுக்கவேண்டும். பாதி முகவரி கொடுத்துவிட்டுத் திண்டாடுபவர்கள் நிறையப் பேர்.

சர்வர் பெயருக்குப் பக்கத்தில் ஓர் எண் இருக்கும். பேருந்து நிலையம் ஒன்றுதான், ஆனால் மதுரை வண்டி ஒரு நடைமேடை, சேலம் வண்டி வேறொரு நடைமேடை அல்லவா? அதுபோல ஒரே சர்வரில் வெவ்வேறு பணிக்கு வெவ்வேறு எண். இதைப் 'போர்ட்' என்பார்கள். கடிதம் பெற 993, அனுப்ப 465 அல்லது 587. பெறுவதற்கு முன்னாளில் இருந்த எண் 143. அதில் எழுத்துகள் திறந்த அஞ்சலட்டை போலப் பயணம் செய்தன, வழியில் உள்ளவர் படிக்கலாம். 993-இல் தொடக்கத்திலிருந்தே டி.எல்.எஸ். என்ற மறையீட்டு உறைக்குள் போகின்றன. பலர் பகிர்ந்துகொள்ளும் விடுதி வைஃபையில் இது மிகவும் முக்கியம். சர்வர்கள் தமக்குள் கடிதம் மாற்றிக்கொள்ளும் எண் 25. உங்கள் மென்பொருளுக்கு அது ஆகாது. எரிதக் கடிதங்களைத் தடுப்பதற்காகப் பல இணைய நிறுவனங்கள் வீட்டு இணைப்புகளில் அந்த எண்ணை மூடியே வைத்திருக்கின்றன.

சாவியா, அனுமதிச் சீட்டா?

இதன்பின் கூகுளின் நுழைவுப் பக்கம் ஒரு சிறு சாளரத்தில் திறந்தது. முன்பெல்லாம் மென்பொருளிடமே கடவுச்சொல்லைக் கொடுத்துவிடுவோம். அது ஒவ்வொரு முறையும் சர்வரிடம் அதைச் சொல்லி நுழையும். அதாவது வீட்டின் முழுச் சாவிக்கொத்தையும் பால்காரரிடம் கொடுப்பதற்கு ஒப்பு. மைக்ரோசாஃப்ட் 2022 அக்டோபர் முதல் நிறுவனக் கணக்குகளில் இந்த முறையை நிறுத்தத் தொடங்கியது. கூகுளும் 2025-இல் கல்வி, அலுவலகக் கணக்குகளில் நிறுத்திவிட்டது. பழைய குறிப்புகளைப் பார்த்து அமைப்பவர்களுக்குக் கடவுச்சொல் தவறு என்ற செய்தியே திரும்பத் திரும்ப வரும். கடவுச்சொல் சரியாகத்தான் இருக்கும், முறைதான் பழையது.

புதிய முறைக்கு 'ஓஆத்2' என்று பெயர். கடவுச்சொல்லைக் கணக்கின் சொந்தப் பக்கத்திலேயே கொடுக்கிறீர்கள். சர்வர் உங்களைச் சரிபார்த்து, மென்பொருளின் கையில் ஓர் அனுமதிச் சீட்டைத் தருகிறது. விடுதி வாயிலில் காவலர் எழுதித் தரும் சீட்டைப் போன்றது இது. எந்த அறைக்குப் போகலாம், எதுவரை செல்லும் என்பதெல்லாம் அதில் இருக்கும். மடிக்கணிப்பொறி தொலைந்துபோனால், வேறொரு கணிப்பொறியிலிருந்து அந்தச் சீட்டை மட்டும் ரத்து செய்துவிடலாம். ஆகவே உங்கள் அமைப்பில் மெய்ப்பிக்கும் முறை என்ற இடத்தில், உள்வரும் வழிக்கும் வெளிச்செல்லும் வழிக்கும் ஓஆத்2 என்றே இருக்கவேண்டும். நுழைவுச் சாளரம் திரும்பத் திரும்பத் தோன்றினால், தண்டர்பேர்டின் அமைப்புகளில் 'குக்கி'கள் அனுமதிக்கப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள்.

சில கணக்குகளில் நிர்வாகியின் அனுமதி வேண்டும் என்று வந்து நின்றுவிடும். பள்ளிக் கணக்குகளில், குறிப்பாக 18 வயது நிறையாதவர்களுக்கு, வெளி மென்பொருள்களை நிர்வாகி தடுத்து வைத்திருக்கலாம். இதற்குக் குறுக்குவழி தேடவேண்டாம். ஆசிரியரிடமோ கணிப்பொறிப் பொறுப்பாளரிடமோ கேளுங்கள். அவர் திறந்துவிட்டால் ஒரு நிமிட வேலை, இல்லையென்றால் உலாவிதான். இன்னொன்றும் சொல்லவேண்டும். பள்ளி ஆய்வகத்தின் பொதுக் கணிப்பொறியில் இதை அமைக்கவே அமைக்காதீர்கள். தண்டர்பேர்டைத் திறக்கக் கடவுச்சொல் தேவையில்லை. அடுத்து உட்காருபவர் உங்கள் கடிதங்களை எல்லாம் படிக்கலாம்.

கண்ணாடியும் பெட்டியும்

அமைக்கும்போது ஒரு கேள்வியை மட்டும் மென்பொருள் நம்மிடமே விடுகிறது. 'ஐமேப்' வேண்டுமா, 'பாப்' வேண்டுமா? என் அக்காள் மகன் இந்தக் கேள்வியைப் படிக்காமலேயே கடந்து போயிருந்தான்.

பாப் முறையை 1984-இல் ஜாய்ஸ் ரெனால்ட்ஸ் வரைந்து வெளியிட்டார். சொந்தக் கணிப்பொறி எப்போதும் வலையோடு இணைந்திராத காலம் அது. அஞ்சலகத்துக்குப் போய், வந்த கடிதங்களை வாங்கிக்கொண்டு வீட்டுக்குத் திரும்புவது போன்றது இந்த முறை. கடிதம் உங்கள் பெட்டிக்குள் வந்துவிடும். சர்வரில் ஒரு பிரதியை விட்டுவைக்கச் சொல்லலாம், சொல்லாவிட்டால் அங்கே ஒன்றும் மிஞ்சாது. பிறகு கைப்பேசியில் திறந்தால் கடிதம் இருக்காது. நீங்கள் அனுப்பிய கடிதங்களையும் இம்முறை கொண்டுவராது.

ஐமேப் முறையை ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மார்க் கிரிஸ்பின் 1986-இல் உருவாக்கினார். இதில் மூலக்கடிதம் சர்வரிலேயே இருக்கும். உங்கள் கணிப்பொறியும் கைப்பேசியும் அதைக் காட்டும் கண்ணாடிகள். ஒன்றில் படித்தால் மற்றொன்றிலும் 'படித்தது' என்று தெரியும். ஒன்றில் அழித்தால் எல்லாவற்றிலும் அழியும். இணையம் இல்லாதபோது படிப்பதற்காக மென்பொருள் ஒரு பிரதி வைத்திருக்கிறதே என்று கேட்கலாம். உண்மைதான், ஆனால் அது கண்ணாடியில் உறைந்து நிற்கும் பிம்பம். அடுத்த முறை சர்வரோடு பேசும்போது, அங்கே என்ன இருக்கிறதோ அதற்கேற்ப மாற்றிக்கொள்ளும். கைப்பேசியில் அழித்தவை மடிக்கணிப்பொறியிலும் மறைந்ததன் காரணம் இப்போது விளங்குகிறது அல்லவா?

அப்படியானால் பாப்தான் நல்லதோ? நான் அப்படி நினைக்கவில்லை. கைப்பேசியும் கணிப்பொறியும் மாறிமாறிப் பயன்படுத்தும் மாணவருக்கு ஐமேப்தான் ஏற்றது. அக்காள் மகளுக்கும் அதையே தேர்ந்தெடுத்தோம். ஆனால் பிரதிக்குத் தனியாக ஓர் ஏற்பாடு செய்தோம்.

தண்டர்பேர்டின் இடப்பக்கத்தில், உங்கள் கணக்குக்குக் கீழே 'லோக்கல் ஃபோல்டர்ஸ்' என்று ஒன்று இருக்கும். இதற்கும் எந்தச் சர்வருக்கும் தொடர்பில்லை. இதுதான் உண்மையான பெட்டி. இதன்மீது வலப்பொத்தானை அழுத்தி 'முதற்பருவம்' என்று ஒரு புதிய உறையை உருவாக்குங்கள். பிறகு கடிதங்களைத் தேர்ந்தெடுத்து, வலப்பொத்தானை அழுத்தி, 'காப்பி' என்பதன் வழியே அந்த உறைக்கு அனுப்புங்கள். 'மூவ்' என்பதைத் தொடாதீர்கள். அது சர்வரிலிருந்தே எடுத்துவிடும். அனுப்பிய கடிதங்களையும் மறக்காமல் படியெடுங்கள். கேள்வி இல்லாத பதில்களை வைத்துக்கொண்டு பின்னாளில் என்ன செய்வது? முடிந்ததும் இணையத்தைத் துண்டித்துவிட்டு, அந்த உறையிலிருந்து இணைப்புள்ள கடிதம் ஒன்றைத் திறந்து பாருங்கள். திறந்தால் பிரதி முழுமையாக வந்திருக்கிறது. மடிக்கணிப்பொறியும் பழுதாகக் கூடியதுதான் என்பதால், தண்டர்பேர்டின் தரவுக் கோப்புறையை ஒரு பென்டிரைவிலும் எடுத்து வைத்தோம்.

ஒவ்வொரு பருவத் தேர்வு முடிந்ததும் இதைச் செய்யச் சொல்லியிருக்கிறேன். மாணவர் கணக்கு என்பது வாடகை வீடு. படிப்பு முடிந்தபின் எப்போது மூடுவது என்பதை நிறுவனம்தான் தீர்மானிக்கும். இதற்கு இடநெருக்கடியும் ஒரு காரணம். கல்வி நிறுவனங்களுக்கு அளவின்றித் தந்துவந்த சேமிப்பிடத்தை நிறுத்தப்போவதாகக் கூகுள் 2021-இல் அறிவித்தது. 2022 முதல், இலவசத் திட்டத்தில் நிறுவனம் முழுவதற்கும் சேர்த்து 100 டெராபைட் என்று ஆயிற்று. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 10,000 பேர் உள்ள நிறுவனத்தில் ஆளுக்கு 10 ஜிகாபைட்தான் வரும். பழைய மாணவர்களின் கணக்குகளையும் வைத்திருந்தால் பங்கு இன்னும் குறையும். கடிதங்களுக்கு மட்டுமன்றி, சேமித்த படங்களுக்கும் காணொளிகளுக்கும் சேர்த்தே இந்த இடம்.

கோப்புக்குள் ஒரு காடு

தண்டர்பேர்டு வழக்கமாக ஓர் உறையிலுள்ள கடிதங்கள் அனைத்தையும் ஒரே கோப்பில், ஒன்றன்பின் ஒன்றாக எழுதி வைக்கிறது. 'எம்பாக்ஸ்' என்ற இந்த வடிவம் 1970-களின் யூனிக்ஸ் கணிப்பொறிகளிலிருந்து வந்தது. வெறும் எழுத்துகள்தாம். நாளை தண்டர்பேர்டே இல்லாமற்போனாலும், எந்த எழுத்துத் தொகுப்பியிலும் திறந்துவிடலாம். கோப்பை ஒருமுறை திறந்து பாருங்கள் (எதையும் மாற்றாமல்!). ஆங்கிலக் கடிதங்கள் பெரும்பாலும் அப்படியே தெரியும். தமிழ்க் கடிதம் வந்த இடத்திலோ பொருளற்ற எழுத்துக் காடு ஒன்று தோன்றலாம். பழுது என்று பயப்படவேண்டாம்.

எஸ்.எம்.டி.பி. பிறந்தபோது ஒவ்வொரு எழுத்துக்கும் 7 பிட்தான் அனுமதித்தார்கள். ஆங்கிலத்துக்கு அது போதும். தமிழும் படங்களும் அதில் செல்வதற்கு 1992-இல் 'மைம்' என்ற ஏற்பாடு வந்தது. அதில் ஒரு முறை 'பேஸ்64'. நம் 'க' என்ற எழுத்துக் கணிப்பொறியில் 3 பைட்டுகளாக, அதாவது 24 பிட்டுகளாக இருக்கிறது. அந்த 24-ஐ ஆறு ஆறாகப் பிரித்தால் 4 பங்கு. ஆறு பிட்டுகளில் 64 வகைகள்தான் உண்டு. ஒவ்வொரு வகைக்கும் ஓர் எளிய குறியை வைத்தார்கள். அதன்படி 'க' என்பது '4, கே, 6, வி' என்ற நான்கு குறிகளாகப் போகிறது. மறுமுனையில் மீண்டும் 'க' ஆகிறது.

3 என்பது 4 ஆகிறது என்றால் கடிதம் மூன்றில் ஒரு பங்கு பருக்கிறது. கூகுள் கணக்கில் கடிதத்தின் எல்லை 25 மெகாபைட். 19 மெகாபைட் கோப்பு ஒன்றை இணைத்துப் பாருங்கள். 25-க்குள்தானே என்று நினைப்பீர்கள். பருத்தபின் அது 25-ஐத் தாண்டிவிடும்.

செய்து பாருங்கள்

அமைப்பு சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க, மாணவர் கணக்கிலிருந்து உங்கள் சொந்தக் கணக்குக்கு ஒரு கடிதம் அனுப்புங்கள். வந்த கடிதத்தைத் தண்டர்பேர்டில் திறந்து, கண்ட்ரோல் விசையுடன் 'யூ' விசையை அழுத்துங்கள். கடிதத்தின் மூல வடிவம் தெரியும். அதன் தலைப்பகுதியில் 'ரிசீவ்டு' என்று தொடங்கும் வரிகள் பல இருக்கும். கடிதம் கடந்துவந்த ஒவ்வொரு சர்வரும் தன் முத்திரையை மேலே மேலே குத்திக்கொண்டே வரும். ஆகவே கீழிருந்து மேலாகப் படியுங்கள். கடிதம் போலி என்ற சந்தேகம் வந்தால், உங்கள் சொந்தச் சர்வர் குத்திய மேல் முத்திரைகளை மட்டும் நம்புங்கள். கீழே உள்ளவற்றை அனுப்பியவர் பொய்யாகவும் எழுதியிருக்கலாம்.

முத்திரை ஒவ்வொன்றிலும் நேரம் இருக்கும். கீழ் வரியில் 10:15:20, +0530 என்றும், மேல் வரியில் முந்தைய நாள் 21:45:23, −0700 என்றும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். கடிதம் அனுப்புவதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டதா? இல்லை. +0530 என்பது கிரீன்விச் நேரத்துக்கு ஐந்தரை மணி முன்னால் இருக்கும் நம் நேரம். −0700 என்பது அதற்கு ஏழு மணி பின்னால் இருக்கும் கலிஃபோர்னியாவின் கோடைகால நேரம். இரண்டையும் கிரீன்விச் நேரமாக மாற்றுங்கள். முதலாவதில் ஐந்தரை மணியைக் கழித்தால் 4:45:20. இரண்டாவதில் ஏழு மணியைக் கூட்டினால் நள்ளிரவைக் கடந்து 4:45:23. கடிதம் எடுத்துக்கொண்டது 3 நொடி.

அக்காள் மகள் தன் கடிதத்துக்குக் கணக்கிட்டபோது ஓரிடத்தில் கழித்தல் குறியோடு 1 நொடி வந்தது. இரண்டு முறை கூட்டிப் பார்த்தாள், கணக்கு சரிதான். அந்த இரண்டு சர்வர்களின் கடிகாரங்கள்தான் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை.